மிதிகதி

(சிவாஜிநகரில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இந்தச் சைக்கிள் பேச்சு எப்போது முடியும், நாடகம் எப்போது தொடங்கும் என்று முன்வரிசையில் காத்திருக்கும் செல்வங்களே!

எனக்கு முன் பேசிய இருவரும் நம்மை மதுரைக்கும் பூம்புகாருக்கும் அழைத்துச் சென்றார்கள். நான் உங்களைக் கப்பன் பூங்கா வரையில்தான் அழைத்துச் செல்ல இயலும், அதுவும் மிதிவண்டியில். நான் புலவன் அல்லன். முப்பது ஆண்டுக் காலம் நாள்தோறும் மிதிவண்டியேறித் தொழிற்சாலைக்குச் சென்று வந்தவன். ஓய்வு பெற்றபின் நம் பகுதிப் பிள்ளைகளோடு ஞாயிறு காலைகளில் வண்டியோட்டுபவன். செயலாளர் அவர்கள் என்னிடம், “நம் குடும்பங்களில் ஆறு பிள்ளைகள் பந்தய வண்டி வாங்கிவிட்டார்கள். அவர்களைப் பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொண்டார்கள். ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன். அதைப் பிழையாகச் சொல்லிக் கொடுத்துப் பின்னர் வருந்தியவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

அந்தக் கதையை முதலில் கூறிவிடுகிறேன். என் தம்பி மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டான். “வளர்கிற பிள்ளைதானே, நாளைக்கும் பயன்படட்டும்” என்று பெரியவர்கள் ஓட்டும் அளவில் ஒரு வண்டி வாங்கினோம். தீபாவளிச் சட்டையை இரண்டு விரற்கடை பெரிதாகத் தைக்கச் சொல்லும் வழக்கம் நமக்கு உண்டல்லவா? அந்தக் கணக்குத்தான். முதல் நாளே நான் அவனுக்கு ஓர் உபதேசம் செய்தேன்: “பெரிய பல்லில் போட்டு அழுத்தி மிதி, கால் உரம் பெறும்.” பிள்ளை சொன்னதைக் கேட்டான். அதுதான் வினையாயிற்று. மூன்று மாதம் பெரிய பல்லிலேயே அழுத்தினான். ஒரு பந்தயத்தில் முதல் இரண்டு சுற்று எல்லோருக்கும் முன்னால் சென்றான்; நாங்களும் ஆர்ப்பரித்தோம். நான்காவது சுற்றில் அவன் கால்கள் கல்லாய்ச் சமைந்துவிட்டன. அடுத்த வாரமே முழங்காற் சிப்பிக்குக் கீழே வலி என்றான். மருத்துவர் தொட்டுப் பார்த்தார்; வளரும் வயதில் தொடைத் தசையின் நார் எலும்போடு சேரும் இடம் மென்மையாக இருக்கும், அதை ஓயாமல் இழுத்தால் இப்படித்தான் ஆகும் என்றார். அந்த ஆண்டு முழுவதும் அவன் வண்டியைத் தொடவில்லை. மாடிப்படி ஏறும்போது அவன் முகம் சுளிப்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் தாயார் என்னிடம் ஒரு சொல்லும் கூறவில்லை. கூறியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? இதைப் பின்னர்தான் ஆராய்ந்தேன். நம் தலைமுறை அறிந்த வண்டி எது? கறுப்பு நிறம், 28 அங்குலச் சக்கரம், முன்னே 44 பல், பின்னே 18 பல், கியர் என்பதே கிடையாது. அதன் பின்புறத்தில் அரிசி மூட்டை, முன்தண்டில் பிள்ளை. மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் நாம் வேலைக்குச் சென்றோம் என்றால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 50 சுற்று மிதித்தோம் என்பது பொருள். அந்த வண்டிக்கு அது போதும். அழுத்தி மிதிப்பதே மிதிப்பது என்று நம் கால்கள் கற்றுக்கொண்டன; கால்கள் கற்றதை வாய் உபதேசித்தது. பாரம் சுமந்த வண்டியின் பாடத்தைப் பந்தய வண்டிக்குச் சொல்லிக் கொடுத்தேன். என் பிழை அதுதான்.

ஒரு நிமிடத்தில் மிதி எத்தனை முறை முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்னும் எண்ணிக்கையைப் பந்தயக்காரர் ‘கேடன்ஸ்’ என்பர். நாம் ‘மிதிகதி’ என்று வைத்துக்கொள்வோம். கதி என்பது தாளத்துக்கும் உரிய சொல். அப்பொருத்தம் பின்னால் நமக்கு உதவும்.

ஓட்டுபவர் தரும் ஆற்றல் இரண்டின் பெருக்கம்: எவ்வளவு அழுத்துகிறார், எவ்வளவு விரைவாகச் சுழற்றுகிறார். ஒரு சிறுவன் 150 வாட் ஆற்றலோடு ஓட்டுகிறான் என்று கொள்ளுங்கள். மிதியைத் தாங்கும் கிராங்கின் நீளம் 170 மில்லிமீட்டர். அவன் நிமிடத்திற்கு 60 சுற்றுச் சுற்றினால், சுற்று முழுவதும் சராசரியாக 14 கிலோ எடைக்கு நிகரான விசையை மிதியில் செலுத்த வேண்டும். அதே ஆற்றலை 90 சுற்றில் தந்தால் ஒன்பதரைக் கிலோ போதும். வண்டியின் வேகம் ஒன்றே. முழங்கால் தாங்கும் பளுவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஒரு மூட்டையை ஒரே தூக்காகத் தூக்குவதற்கும் மூன்று கூடையாகப் பிரித்து எடுத்துச் செல்வதற்கும் உள்ள வேறுபாடு நம் தாய்மார்களுக்குத் தெரியும்.

இதற்கு விலை இல்லையா? உண்டு. விரைவாகச் சுழற்றினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும். தசையின் பளுவை நுரையீரலும் இருதயமும் பங்கிட்டுக்கொள்கின்றன. மெதுவாக ஓட்டும்போது நிமிடத்திற்கு 60 சுற்றை ஒட்டித்தான் உடல் மிகக் குறைந்த பிராணவாயுவைச் செலவிடுகிறது என்று உடலியல் அறிஞர் அளந்து கண்டிருக்கின்றனர். ஆயினும் பழகிய பந்தயக்காரர் சமதரையில் 90 சுற்றை ஒட்டியே ஓட்டுகின்றனர். காரணம், அழுத்தி மிதிக்கும்போது தசைக்குள் விரைந்து களைக்கும் நார்கள் முன்வந்து வேலை செய்து தம் சேமிப்பைத் தீர்த்துக்கொள்கின்றன. கடைசிச் சுற்றில் பாய்ச்சலுக்கு வேண்டியவை அந்த நார்களே. என் தம்பி மகன் முதல் இரண்டு சுற்றிலேயே அவற்றைச் செலவழித்துவிட்டான். மூச்சு வாங்கினால் இரண்டு நிமிடத்தில் ஆறும். தசை தீர்ந்தால் அன்றைய பந்தயத்தில் அது திரும்பாது.

இளையோர் பந்தயத்தில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. உலக மிதிவண்டிச் சம்மேளனம் 17, 18 வயதினர்க்கு, ஒரு சுற்றுக்கு 7.93 மீட்டருக்கு மேல் நகரும் கியர் கூடாது என்று சாலைப் பந்தயத்தில் வரையறுத்திருந்தது. பந்தயத்திற்கு முன் வண்டியைத் தரையில் உருட்டி அளந்தே பார்ப்பார்கள். அந்தக் கியரில் மணிக்கு 57 கிலோமீட்டர் வேகத்தில் பாய வேண்டுமானால் நிமிடத்திற்கு 120 சுற்றுச் சுழற்றியே தீர வேண்டும். அழுத்திச் சமாளிக்க வழியில்லை. ஆகவே பையன்கள் வேறு வழியின்றிக் கால்களைச் சுழற்றக் கற்றார்கள். 2023 சனவரி முதல் நாளிலிருந்து அந்த வரம்பை நீக்கிவிட்டார்கள். நீக்கியது சரியா தவறா என்று வல்லுநர் வாதிடட்டும். எனக்குத் தோன்றுவது, சட்டம் செய்துவந்த காவலை இனி வீடுதான் செய்ய வேண்டும் என்பதே. கடைக்காரர் பெரிய பல்லைக் காட்டுவார். பிள்ளை அதற்கு மயங்குவான். பெற்றவர் கணக்குப் போட வேண்டும்.

அந்தக் கணக்கு எளிது. முன் பற்சக்கரத்தின் பற்களைப் பின் பற்சக்கரத்தின் பற்களால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்க வேண்டும். பந்தய வண்டிக்குச் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். நந்தி மலையை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பந்தயப் பிள்ளைகள் அனைவரும் ஒரு நாள் ஏறித்தான் ஆக வேண்டிய மலை அது. உச்சி, கடல் மட்டத்திற்கு மேல் 1,478 மீட்டர். அதன் ஏற்றத்தில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறுவன் ஏறுகிறான். முன்னே 39, பின்னே 25 பல் இருந்தால் நிமிடத்திற்கு 61 சுற்றுத்தான் கிடைக்கும். ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் முனகும். முன்னே 34, பின்னே 28 என்று மாற்றினால் அதே வேகத்தில் 78 சுற்று. மலையில் தேர்ந்த வீரர்களே 70 சுற்றளவுக்கு இறங்கிவிடுகிறார்கள். ஆகவே 78 என்பது சிறுவனுக்கு வெட்கமன்று. இரண்டு பற்சக்கரங்களை மாற்றும் செலவு, புதிய வண்டியின் விலையில் மிகச் சிறு பகுதி.

வண்டி பெரிதாக இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் பயன்படாது. பெரியவர் வண்டியில் கிராங்கு 170 மில்லிமீட்டர் நீளம். உயரம் குறைந்த பிள்ளையின் கால் அந்த வட்டத்தின் மேற்புறத்தில் வரும்போது முழங்கால் நெஞ்சை முட்டும். கீழ்ப்புறத்தில் இடுப்பு சாயும். சிறுவர்க்கு 150 மில்லிமீட்டரை ஒட்டிய கிராங்கு கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். சீட்டின் உயரத்தைப் பார்க்கக் கருவி வேண்டாம். மிதி அடிப்புறத்தில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து ஓட்டினால் முழங்காலில் அளவான ஒரு மடிப்பு தானாக இருக்கும். சட்டை பெரிதாக இருந்தால் கையை மடித்துவிடலாம். கிராங்கை மடிக்க முடியாது.

இனிப் பழக்கும் முறை. இதற்கு உவமை தேடி நான் தொலைவில் செல்லவில்லை. நம் சிவாஜிநகர்ச் சந்துகளில் காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரை நின்று பாருங்கள். அவர் மிதிப்பலகையை உதைப்பதில்லை. முன்பாதமும் குதிகாலும் மாறி மாறி மெல்ல அசைகின்றன. சக்கரம் ஒரே சீராக ஓடுகிறது. தையல் ஒரே அளவாக விழுகிறது. புதிதாகப் பழகுபவன் பலம் கொண்ட மட்டும் மிதிக்கிறான். சக்கரம் பின்னோக்கிச் சுற்றி நூல் அறுகிறது. மிதிவண்டியிலும் அப்படியே. கீழே அழுத்தும் அரைவட்டத்தை மட்டும் கால் என்று எண்ணுபவன் மறுபாதியில் தன் காலின் எடையையே மற்றொரு காலுக்குச் சுமையாக்குகிறான். மேலேறும் காலை வலிந்து இழுக்கவும் வேண்டியதில்லை. சுமையாகாமல் இருந்தால் போதும். செருப்பின் அடியில் ஒட்டிய சேற்றைப் படியில் பின்னோக்கித் தேய்ப்பது போல, மிதி அடிக்கு வரும்போது பாதத்தைப் பின்னால் இழுக்கச் சொல்கிறேன். பிள்ளைகள் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் எண்ணுவது மட்டுமே பயிற்சி. கைக்கடிகாரம் போதும். வலது முழங்கால் மேலே வருவதை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். 22 அல்லது 23 வந்தால் 90ஐ எட்டிவிட்டோம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் நாளில் 15, 16 தான் வரும். அதைப் பார்த்து முகம் வாடுவார்கள், வாட வேண்டியதில்லை. அடுத்த வாரம் கியரை ஒரு படி குறைத்து, வேகத்தைக் கூட்டாமல், ஐந்து சுற்று மட்டும் கூட்டச் சொல்வேன். பத்து நிமிடம் ஓட்டம், ஐந்து நிமிடம் இளைப்பாறல். இப்படி வாரத்திற்கு ஐந்து ஐந்தாக ஏற்றினால் இரண்டு மாதத்தில் சமதரையில் 85, 90 என்பது இயல்பாகிவிடும். முதல் மூன்று வாரம் மூச்சு வாங்குகிறது என்று முறையிடுவார்கள். அதற்காக நிறுத்திவிடாதீர்கள், மார்பில் வலியோ தலைச்சுற்றலோ என்றால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள்.

இங்கேதான் தாளம் வருகிறது. என் மகள் சிறு வயதில் சரளி வரிசை பயின்றபோது, பாட்டாசிரியர் முதற்காலத்தில் பாட வைத்து, பிறகு தாளத்தை மாற்றாமல் இரண்டாங்காலத்தில் பாட வைப்பார். கை அதே சீராக விழும். சுரங்கள் இரட்டிப்பாக ஓடும். அவசரப்படுகிற பிள்ளை சுரத்தை விழுங்கும். மிதியிலும் அவசரம் வேறு, விரைவு வேறு. ஆகவே நான் கைதட்டித் தாளம் போட்டே பழக்குகிறேன். நிமிடத்திற்கு 90 தட்டு என்று கைப்பேசியிலும் தாளக் கருவி வைத்துக்கொள்ளலாம். வீட்டில், பின்சக்கரத்தைத் தாங்கியில் நிறுத்திய வண்டியில் ஓட்டும்போது இது மிகவும் நன்று. சாலையில் காதில் எதையும் செருகிக்கொள்ளக் கூடாது. இதில் நான் கண்டிப்பானவன். செருகி வந்த ஒருவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பழகியபின் ஒரு விளையாட்டு. மிகச் சிறிய கியரில் அரை நிமிடத்திற்குள் கதியைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும்: 90, 100, 110. எந்தக் கணத்தில் பிள்ளையின் இடுப்பு சீட்டின்மேல் துள்ளத் தொடங்குகிறதோ அதுவே அவன் எல்லை. அங்கிருந்து சற்று இறங்கி, துள்ளாமல் பத்து விநாடி நிலைக்க வேண்டும். ஒரு காலையில் ஐந்து அல்லது ஆறு முறை. அதற்கு மேல் வேண்டாம். நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் துள்ளும் எல்லை பத்துச் சுற்றாவது மேலே போயிருக்கும். துள்ளல் என்பது பலக்குறைவு அன்று. ஒரு கால் தளரும் முன்பே மறுகால் அழுத்தத் தொடங்கிவிடும் குழப்பம். நரம்பும் தசையும் ஒன்றை ஒன்று அறிந்துகொள்ள வேண்டும். அதற்குச் சிறு வயதே ஏற்ற வயது. உரத்தைப் பதினெட்டு வயதிற்குப் பிறகும் சேர்க்கலாம்.

நம் நாட்டுப் பிள்ளைகளால் இது முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2019 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் ஓடர் நகரில் நடந்த இளையோர் உலகத் தடகள மிதிவண்டிப் போட்டியில், குழு விரைவோட்டத்தில் இந்தியா தங்கம் வென்றது. அக்குழுவில் அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பனும் மணிப்பூரைச் சேர்ந்த ரொனால்டோ சிங்கும் இருந்தார்கள். அவர்கள் பழகிய வண்டி எத்தகையது தெரியுமா? கியர் ஒன்றே, தடை இல்லை, மிதியை நிறுத்தினால் சக்கரமும் நிற்கும். சக்கரம் ஓடும் வரை கால் ஓடியே ஆக வேண்டும். அத்தகைய வண்டியில் பாயும்போது மிதிகதி 130க்கும் மேலே செல்லும். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரிலும் அதற்குரிய ஓடுதளம் இருக்கிறது. 2024 சனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகள் அங்கே நடந்தன. இங்கே கர்நாடகத்தில் விசயபுரமும் பாகல்கோட்டையும் சைக்கிள் வீரர்களுக்குப் பேர்போன ஊர்கள். மாநிலப் போட்டியில் நம் பிள்ளைகள் அந்தப் பிள்ளைகளோடுதான் ஓட்ட வேண்டும். அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். கன்னடமும் சரளமாக வரும்.

அளவு மீறியும் போகக் கூடாது. ஒரு காலத்தில், மலையிலும் கால்களைப் பம்பரமாகச் சுழற்றிய அமெரிக்க வீரர் ஒருவரைக் கண்டு உலகமே அவரைப் பின்பற்றியது. ஊக்கமருந்து உண்டார் என்று 2012 இல் அவருடைய ஏழு பிரெஞ்சுச் சுற்றுப்பயணப் பட்டங்களும் பறிக்கப்பட்டன. அவர் கால்களை வைத்து இலக்கணம் எழுதியவர்கள் திகைத்து நின்றார்கள். நேர்மையான சான்று வேறிடத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தொலைவு ஓட்டலாம் என்னும் சாதனையில் பெல்ஜியத்து எட்டி மெர்க்ஸ் 1972 இல் மெக்சிகோ நகரில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். நிமிடத்திற்கு ஏறத்தாழ 104 சுற்று. இத்தாலியின் பிலிப்போ கன்னா 2022 இல் 56.792 கிலோமீட்டர் ஓட்டினார். அவர் கதியோ நூற்றுக்கும் குறைவு, கியரோ மிகப் பெரியது. ஆகவே சுழற்சி கூடக்கூட வேகம் கூடும் என்று எவரும் வாய்ப்பாடு போட முடியாது. ஆனால் கன்னாவின் கால்கள் முதிர்ந்த கால்கள். சுழற்றத் தெரிந்தவன் பின்னாளில் அழுத்தக் கற்றுக்கொள்கிறான். அழுத்தி மட்டுமே பழகியவன் சுழற்றக் கற்பது அரிதென்பதை என் கால்களே சொல்லும். இன்றைக்கும் நான் 75ஐத் தாண்டினால் சீட்டின்மேல் குதிரையேறுகிறேன், பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். ஆறு பேரில் இருவர் பெண்கள். அவர்களை ஞாயிறு காலையில் அனுப்பத் தயங்கும் வீடுகள் உள்ளன. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, எழுத்துக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் மிதிவண்டியும் கற்றார்கள். கல் உடைத்தவர்களும் வயலில் உழைத்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அந்த மாவட்டத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். இன்னொன்றும் சொல்வேன்: சுழற்சியைப் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளைவிட விரைவில் கற்கிறார்கள். முரட்டுத்தனமாக அழுத்த வேண்டும் என்று அவர்களுக்கு எவரும் சொல்லிக் கொடுக்காததே காரணமாக இருக்கலாம்.

என் தம்பி மகன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஓராண்டு கழித்து மீண்டும் தொடங்கினான். சிறிய கியர், குட்டைக் கிராங்கு, கைக்கடிகாரம். முதலில் நம் தெருப் பையன்களே அவனை முந்திச் சென்று கேலி செய்தார்கள். “பெரியப்பா, தையல் மிஷின் ஓட்டுகிறேன் என்கிறார்கள்” என்று வந்து நின்றான். அதைவிடப் பெரிய புகழ் வேண்டாம் என்றேன். இப்போது அவனுக்குப் பதினாறு வயது. கோப்பை ஒன்றும் கொண்டு வரவில்லை. சென்ற பந்தயத்தில் ஏழாவதாக வந்தான். எஸ்.எஸ்.எல்.சி. ஆண்டு என்பதால் அவன் தகப்பனார் வண்டியைப் பூட்டி வைக்கலாமா என்று யோசிக்கிறார். அது அவர்கள் வீட்டு வழக்கு, நான் தலையிடவில்லை. ஆனால் சென்ற மாதம் நந்தி மலை உச்சி வரை ஒருமுறையும் இறங்காமல் ஏறினான். அன்று மாலை வீட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறிப் போனான். அவன் தாயார் சமையலறை வாயிலில் நின்று அதைப் பார்த்தார், பிறகு என்னிடம், “காப்பி சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பூங்காவினுள் மோட்டார் வண்டிகள் வருவதில்லை என்பது நீங்கள் அறிந்ததே. காலை ஐந்தே முக்காலுக்கு ரஸ்ஸல் மார்க்கெட் வாயிலில் கூடி, அங்கிருந்து ஒன்றாகச் செல்கிறோம். பந்தய வண்டி இல்லாத பிள்ளையும் வரலாம். இருக்கிற வண்டியில் எண்ணப் பழகலாம். தலைக்கவசமும் தண்ணீரும் கட்டாயம். உடன் வரும் பெற்றோரில் ஒருவர் விநாடி முள் உள்ள கடிகாரம் கட்டிக்கொண்டு வந்தால் எனக்கு உதவியாக இருக்கும்; என் கண்ணுக்கு முள் இப்போது சரியாகத் தெரிவதில்லை.

நாடகத்திற்கு ஒப்பனை முடிந்துவிட்டது என்று திரைக்குப் பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள்.